ஐஸில் வைத்த கட்டி

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறார்கள். முதலில் தலை, அப்புறம் நெஞ்சு, அப்புறம் அவசரமாகச் சுவரில் தொங்கும் காலண்டர். காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்கிறார்கள். அடுத்தது, "கீமோ ரொம்பக் கஷ்டமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதிவைத்துவிட்டால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். எழுதுவது என்று சொல்கிறேனே தவிர, கையால் எழுதவில்லை. நான் பேசப் பேச போன் எழுதுகிறது, நடு நடுவே அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் கையால் எழுதவில்லை என்பது பின்னால் வரும்.

நான் முத்துலட்சுமி. தென்காசியில் வீட்டில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் பருவை அழிப்பது, பெண்ணை இரண்டு பங்கு வெளுப்பாக்குவது, சண்டை போட்டுக்கொண்டு வராத சித்தப்பாவைப் பழைய படத்திலிருந்து வெட்டிக் குடும்பப் படத்தின் ஓரத்தில் நிறுத்துவது எல்லாம் என் வேலை. பேனா மாதிரி ஒன்று உண்டு. அதைப் பலகையில் வைத்து இழுத்தால் திரையில் கோடு விழும். பெண்ணின் நெற்றியில் பறக்கும் ஒற்றை முடியைக்கூட அதால் தனியாகப் பிரித்தெடுப்பேன். இந்த விரல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

வீட்டுக்காரர் வீடியோ எடுக்கிறவர், முகூர்த்த மாதங்களில் வீட்டில் தங்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. எனக்கு ஒன்றென்றால் ஓடிவர இருக்கும் ஆள் என் தம்பி சுடலை. அம்மா போனபோது அவன் நாலாம் வகுப்பு. அப்புறம் அவனுக்குச் சோறு போட்டதும் தலை சீவிவிட்டதும் அடித்ததும் நான்தான். இப்போது பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீன் கடை வைத்திருக்கிறான். கொல்லத்திலிருந்து மலை தாண்டி, செங்கோட்டை வழியாக, விடியும் முன்னால் மீன் வந்து இறங்கும்.

கட்டி தெரிந்தது குற்றாலத்தில். சீசன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. தம்பி குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்தேன். இடது மார்பில் வழுக்கிக்கொண்டு போன கை ஓரிடத்தில் தடுக்கி நின்றது. அழுத்தினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததால் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலிக்காத கட்டியைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அருவிக்குள் போய் நின்றேன். எல்லாரும் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன். அந்தத் தண்ணீர் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.

தென்காசியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனேன். டாக்டரம்மா தடவிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், "நார்க்கட்டி மாதிரிதான் இருக்கு. சின்னது. முழுசா எடுத்துட்டு பயாப்ஸிக்கு அனுப்பிருவோம்," என்றார். பயாப்ஸி என்றால் வேறொன்றுமில்லை. எடுத்த சதையை மெழுகில் பதித்து, மயிரிழை கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கட்டியை எடுத்தார்கள். சாம்பிள் வாங்க வருகிற லேப் ஆள் அன்றைக்கு வரவில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சுடலை கையில் கொடுத்தாள்.

"பத்திரம்ணே. இதுல இருக்கதுதான் மொத்தமும். திங்கக்கிழமை காலைல திருநெல்வேலி லேப்ல சேத்துருங்க."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ரத்தம், சளி, வெட்டியெடுத்த சதை எதுவானாலும் சொந்தக்காரர்கள் மஞ்சப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். அந்த நர்ஸை நான் குறை சொல்லவில்லை. பத்திரம் என்று சொன்னவள் எப்படிப் பத்திரம் என்றும் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலையணையில் சாய்ந்திருந்தேன். சுடலை முகமெல்லாம் பெருமையாக வந்து நின்றான்.

"எக்கா, சாம்பிளப் பத்திக் கவலையே படாத. அந்தத் தண்ணி என்னமோ ஒரு நாத்தம், கண்ணு எரியுது. ரெண்டு நாள் வெளிய கெடந்தா கெட்டுப் போயிருமேன்னு நேத்தே கொண்டு போய் நம்ம ஃப்ரீசர்ல வச்சிட்டேன்."

"மீனோடயாலே வச்ச?"

"சே, நான் என்ன கூறுகெட்டவனா? நெய்மீன் வைக்க மேல்தட்டு இருக்குல்லா, அதைக் காலி பண்ணிக் கழுவி, தனியா வச்சிருக்கேன். கல்லு கணக்கா இருக்கு. ஒரு வாரம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். கடையிலேயே விலை கூடிய நெய்மீனுக்குரிய மரியாதை என் கட்டிக்குக் கிடைத்திருந்தது. அவன் தொழிலில் முதல் பாடம் அது. உயிர் போன சதை ஐஸில் ஏறாவிட்டால் அன்றைக்கே கெடும். இடம் ஒதுக்குவதற்காக அன்றைக்கு வந்த மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான் என்று அவன் பெண்டாட்டி பிறகு சொன்னாள். அவனை நினைத்து எனக்குக் கண் கலங்கிப் போனது.

முடிவு வந்தபோது டாக்டரம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. "கேன்சர்தான்மா. ஆனா அது எந்த ரகம்னு லேப்ல தெளிவா சொல்லலை. நீங்க பெரிய இடத்துக்குப் போயிருங்க," என்றார். அதற்குள் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது. பெரியம்மா மகள் ஆப்பிளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, நான் போட்டிருந்த அம்மாவின் கம்மலை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது, "இன்னும் நாள் இருக்கு, நீ போய்ட்டு வா," என்றேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு முகூர்த்த மாதம். சுடலை கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்தான். ஆரியங்காவு தாண்டும்போதே அவனுக்கு மலையாளம் வந்துவிடும். எல்லாம் மீன் ஏலத்தில் படித்த மலையாளம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு விடியலில் இருந்து உட்கார்ந்திருப்போம். தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாக இருப்பார்கள். யாரும் யாரையும் என்னவென்று கேட்பதில்லை. எந்த டாக்டர் என்று மட்டும் கேட்பார்கள், டாக்டர் பெயரை வைத்தே நோய் எங்கே என்று தெரிந்துவிடும். சுடலை மட்டும் எல்லாரிடமும் கேட்பான். யாருக்கு எது, எத்தனாவது ஊசி என்று மத்தியானத்துக்குள் அவனுக்குத் தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்காருலே என்று நான் அதட்டிக்கொண்டே இருப்பேன்.

அங்கே மறுபடி ஒரு ஆபரேஷன். கட்டி இருந்த இடத்தைச் சுற்றியும் அக்குளில் நெறிகட்டுகிற இடத்திலும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கேயும் நோய் மிச்சமில்லை. தென்காசியில் எடுத்ததோடு மொத்தமும் வந்துவிட்டது என்றார்கள். சுடலை அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஊர் திரும்பியதும் பண்பொழித் திருமலைக்குப் படியேறிப் போய் முருகனுக்கு மொட்டை போட்டு வந்தான். எனக்கு முன்னால் அவன் தலை மொட்டையானது.

அடுத்த முறை போனபோது டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். என் நோய் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை, அது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அதனால் வருடக்கணக்கில் தினமும் ஒரு மாத்திரை உறுதி. அதோடு கீமோவும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. செல்கள் மெதுவாகப் பெருகுகிறவை என்றால் மாத்திரையோடு விட்டுவிடலாம். வேகமாகப் பெருகுகிறவை என்றால் கீமோ. கீமோ என்றால் என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "விரல் நுனி மரத்துப் போகும். நிறையப் பேருக்குச் சரியாயிரும், சிலருக்குத் திரும்பாது," என்றார்.

"எனக்கு முடி போனாப் போகட்டும் சார். விரல் வேணும். என் பிழைப்பு அதுல இருக்கு."

"அதுக்குத்தான் செல்லை எண்ணிப் பாக்கணும்னு சொல்றேன்."

எண்ணுவது இப்படி. பெருகிக்கொண்டிருக்கிற செல்லை மட்டும் பழுப்பாக்குகிற ஒரு சாயம் இருக்கிறது. மற்றவை நீலமாக நிற்கும். நூற்றில் எத்தனை பழுப்பு என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணுவார், அல்லது உத்தேசமாகச் சொல்வார். ஒருவர் எண்ணியதும் இன்னொருவர் எண்ணியதும் ஒத்துப்போகாது. அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காகக் கம்ப்யூட்டரை எண்ண வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். என் சாம்பிளைக் கண்ணால் எண்ண முடியவில்லை, அதில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னதும், அந்தப் படத்தை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். படம் என்றால் எனக்குத் தெரியும், நான் படத்தோடு பிழைக்கிறவள் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டுப் போன் செய்து சொன்னார். சுடலை எனக்கு டீ வாங்கப் போயிருந்தான். நான் மட்டும் மாடிக்குப் போனேன்.

ஏசி அறை. ஸ்லைடைப் படமெடுக்கும் ஒரு மெஷினும் பெரிய திரையும் இருந்தன. சதையைப் பார்த்து நோய் சொல்லுகிற டாக்டர் நாகர்கோவில்காரர், வயதான அம்மா. கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண் பெயர் ஆன்சி. மலையாளத்துப் பெண், என் கல்யாண ஆல்பங்களில் வரும் தோழிப் பெண் வயது. முதலில் வேறு யாருடையதோ ஒரு சாம்பிளைக் காட்டினாள். மெஷின் ஸ்லைடைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒன்றாகத் தைத்திருந்தது. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் இருந்த ஒவ்வொரு செல்லின் உட்கருவைச் சுற்றியும் மெல்லிய கோடு விழுந்தது. கேமராவில் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுமே, அதுபோல. பழுப்புக்குச் சிவப்புக் கோடு, நீலத்துக்குப் பச்சைக் கோடு. நான் ஒரு முகத்தைச் சுற்றி வெட்டுவதற்குள் அது ஒரு ஊர் ஜனத்தையே வெட்டி முடித்துவிட்டது.

"எப்படிம்மா இது கத்துக்கிட்டது?"

"ஆளுங்க உட்கார்ந்து கையால வரைஞ்சு வரைஞ்சு குடுத்ததுதான் சேச்சி. இது செல், இது செல் இல்லைன்னு. அதைப் பார்த்துப் படிச்சது."

எனக்கு அந்தக் கோட்டைப் பிடித்துவிட்டது. சுத்தமான கோடு. பிறகு என்னுடையதைத் திறந்தாள்.

படத்தில் ஃபோகஸ் இருந்தது, வெளிச்சம் சரியாக இருந்தது. ஆனால் சதை முழுவதும் ஓட்டை. செல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த விளிம்பு, நடுவில் வெள்ளை. ஆன்சி பொத்தானை அழுத்தினாள். கோடுகள் விழுந்தன. இரண்டு செல்லைச் சேர்த்து ஒரு கோடு, ஒரு செல்லை நாலாக உடைத்து நாலு கோடு, சில இடத்தில் வெறும் ஓட்டையைச் சுற்றி ஒரு கோடு. பாதிக்கு மேல் இடத்தை மெஷினே சாம்பல் நிறமாக்கி ஒதுக்கிவிட்டது. அங்கே எண்ண மாட்டேன் என்று அர்த்தமாம்.

"மீதி இடத்துல என்ன வருது?"

"அதுதான் சேச்சி பிரச்சினை. ஓரத்தைக் கொஞ்சம் விட்டு எண்ணினா குறைவு வருது, கீமோ வேண்டாம். சேர்த்து எண்ணினா கூடுதல் வருது, கீமோ வேணும். இதை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி பண்ண முடியாதா? ஷார்ப் பண்ணி, ஓட்டையைப் பக்கத்துல இருக்கதை எடுத்து மூடி?"

அதைக் கேட்டபோது எனக்கே என்மேல் சிரிப்பு வந்தது. தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிய மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டியவள் நான். நாகர்கோவில் டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார்.

"நல்லா அழகாப் பண்ணலாம்மா. ஆனா அப்புறம் நாங்க எண்ணுறது உன் செல்லா இருக்காது, நீ வரைஞ்ச செல்லா இருக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "இதை யாராவது ஐஸ்ல வச்சாங்களா?"

நெய்மீன் வைக்கிற மேல்தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அவரே சொன்னார். டப்பாவில் இருக்கிற அந்த நாற்றமடிக்கிற தண்ணீர் ஃபார்மலின். கெடாமல் காப்பதே அதுதான், அறையில் சும்மா வைத்தாலே போதும். ஆனால் ஊறும் முன்னால் உறைய வைத்தால், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக ஐஸாகி உள்ளிருந்தே கிழித்துவிடும். இப்படி வருவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆர்ட்டிஃபாக்ட். உடம்பு செய்யாதது, கை செய்தது என்று அவர் விளக்கினார். கட்டி முழுவதும் அந்த டப்பாவில்தான் இருந்தது. என் உடம்பில் எண்ணிப் பார்க்க ஒரு செல்கூட மிச்சமில்லை. கொஞ்ச நாள் முன்பு அதற்குத்தான் நாங்கள் அழுது சிரித்தோம்.

"தெரியலை டாக்டர்," என்றேன்.

ஆன்சி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். என் படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா? கெட்டுப்போன படங்களும் மெஷினுக்குத் தேவையாம். இப்படி இருந்தால் எண்ணாதே என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதற்கு. இவ்வளவு நன்றாகக் கெட்ட படம் அவர்களிடம் இதுவரை இல்லை என்றாள். அவள் கெட்ட பெண் இல்லை, ஆசையில் சொல்லிவிட்டாள். கழித்துப்போட்ட படங்களுக்கு என் கம்ப்யூட்டரிலும் ஒரு இடம் உண்டு. கொட்டாவி விட்ட மாமனார், கண் மூடிய பெண் எல்லாம் அங்கே கிடப்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் நான் நல்லபடியாகப் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று.

கீழே வந்தபோது சுடலை டீயை ஆற்றிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா சொல்லுதாங்க?"

"படம் சரியில்லையாம்."

"நான் அப்பவே நெனச்சேன். அந்தத் திருநெல்வேலி லேப்காரன் கெடுத்துப்புட்டான். நான் கொண்டு போய்க் குடுக்கும்போது கல்லு கணக்கா இருந்துச்சுக்கா, ஒரு சொட்டு ஒழுகலை."

டீயைக் குடித்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது, தலை சீவிவிட வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். தெரியாத இடத்தில் மோசமானது என்று எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் முறை. கீமோ.

கீமோ கஷ்டமா என்று கேட்டீர்கள் அல்லவா. முதலில் ரத்தச் சிவப்பில் ஒரு மருந்து. ஏறும்போதே வாயெல்லாம் செம்புக்காசை நக்கிய ருசி. மூத்திரம் சிவப்பாகப் போகும். முடி கொட்டுவதை எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள், புருவமும் மூக்கு முடியும் சேர்ந்து போகும் என்று யாரும் சொல்வதில்லை. மூக்கு சதா ஒழுகும். வாயில் புண், தண்ணீர் பட்டால் எரியும். மீன் வாடை அடித்தால் குடலைப் புரட்டும். சுடலை அதற்காகக் காலையில் இரண்டு முறை எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்துவிட்டு வருவான். அப்படியும் அவன் மேல் வாடை போகவில்லை. தோலோடு ஊறிப்போன தொழில். பஸ்ஸில் என்னை முன்னால் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவன் கடைசி சீட்டுக்குப் போய்விடுவான். நான் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டால் அங்கிருந்து பையோடு ஓடி வருவான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சிலும் மீன் இருக்குமோ என்கிற மாதிரி. கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பின்னால் போய் உட்காருவான்.

ஒருநாள் புளியரைப் பக்கம் வளைவில் அப்படி வந்து நின்றபோது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன்னால்தான்லே இது எல்லாம் என்று. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை விரித்து நிற்பதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சிவப்பு மருந்து முடிந்து இன்னொரு மருந்து தொடங்கியது. விரல் மரத்துப் போகும் என்று டாக்டர் சொன்னது இந்த மருந்தைத்தான். முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு குத்தியது. பிறகு ஒன்றுமே இல்லை. சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீமோ முடிந்து, மயிர் முளைத்து, ருசி திரும்பி, ஊரே நான் தேறிவிட்டேன் என்று சொன்னபிறகும் விரல் திரும்பவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்து பேனாவை எடுத்து ஒரு பெண்ணின் முடியைப் பிரிக்கப் பார்த்தேன். கோடு அவள் கன்னத்துக்குள் இறங்கியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன். பேனா கீழே விழுந்தது, விழுந்த சத்தத்தில்தான் அது என் கையில் இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்காரர் பேனாவையும் பலகையையும் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்தார். "சரியாயிரும் லட்சுமி," என்றார். இதை இப்போது போனிடம் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு அந்தக் கீமோ தேவையாக இருந்ததா? இருந்திருக்கலாம். என் உயிரைக் காப்பாற்றியது அதுவாகவே இருக்கலாம். அது இல்லாமலே, மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியதாகவும் இருக்கலாம். இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கட்டி. இதைச் சுடலையிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நான் செய்த நல்ல காரியங்கள் குறைவு, அது அதில் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இந்த சீசனில், ஒரு சாரல் நாளில், சுடலை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பரமசிவம் அண்ணாச்சி, அவன் கடையில் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. அதே நர்சிங் ஹோமில் நாளைக்கு எடுக்கப்போகிறார்கள். என்னைப் பார்த்தால் தைரியம் வரும் என்று கூட்டிவந்திருந்தான். நான் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அண்ணாச்சி கிளம்ப எழுந்தார். அப்போது சுடலை சொன்னான்:

"அண்ணாச்சி, டப்பாவைக் கைல தந்த உடனே நேரா நம்ம கடைக்கு வந்துருங்க. ஃப்ரீசர்ல மேல்தட்டை உங்களுக்கு ஒதுக்கிருதேன். அக்காவுக்கும் அப்படித்தான் வச்சேன். லேப்காரன் கெடுத்ததுக்கு நாம என்ன செய்ய? நம்ம பக்கம் ஒரு குறை கிடையாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா," என்றார்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரிடம் மட்டும் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏலே, இதை வேற யாருக்கெல்லாம் சொல்லிருக்க?"

"கேக்கவங்க எல்லாருக்கும் சொல்லுவேன்லாக்கா. கடைக்கு எத்தனை பேர் வருதாங்க. நமக்குத் தெரிஞ்சதைச் சொன்னா புண்ணியம்தான்."

அதற்குமேல் அவனிடம் மறைக்க வழியில்லை.

"ஐஸ்ல வைக்கக் கூடாது அண்ணாச்சி," என்றேன். "வச்சா உள்ள இருக்க செல்லு கிழிஞ்சிரும். கிழிஞ்சா எண்ண முடியாது. எண்ண முடியலைன்னா வேணுமோ வேண்டாமோ, கீமோ ஏத்திருவாங்க. டப்பாவை அப்படியே வெளிய நிழல்ல வைங்க. அன்னைக்கே லேப்ல குடுத்துருங்க."

சுடலை சிரித்தான். "எக்கா, உனக்கு வச்சோம்லா."

"ஆமா. வச்சேல்லா."

என் கையை அவன் முன்னால் நீட்டினேன். வேண்டுமென்றேதான் நீட்டினேன். அதைச் செய்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை மாதம் தனியாகச் சுமந்ததை அவன் தலையில் இறக்கிவைத்த சந்தோஷம். அவன் என் விரல்களையே பார்த்தான்.

"அப்போ லேப்காரன்?"

"அவன் ஒண்ணும் செய்யலைலே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ டீ வாங்கப் போயிருந்தேல்லா. அன்னைக்கு."

அவன் மனதில் அந்த நாளிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸும் ஓடியிருக்க வேண்டும். அண்ணாச்சி செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சுடலை எழுந்து, என்னைத் தாண்டி, வாசல் குழாயில் கையைக் கழுவினான். முழங்கைவரை தேய்த்துத் தேய்த்து வெகுநேரம் கழுவினான். பிறகு அப்படியே ஈரக்கையோடு இறங்கிப் போய்விட்டான்.

அண்ணாச்சி மனைவியின் சாம்பிள் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கும் புற்றுநோய்தான். ஆனால் எண்ணிக்கை குறைவு, மாத்திரை மட்டும் போதும் என்றார்கள். போன மாதம் தலை நிறையப் பூவோடு என்னைப் பார்க்க வந்தார், தானே உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து ஒரு தூக்குவாளி நிறைய. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் விரல்களைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சுடலை அதற்குப் பிறகு வீட்டுக்குள் வரவில்லை. போன் எடுப்பதில்லை. ஆனால் வாரம் தவறாமல் மீன் மட்டும் வருகிறது. நான் தூங்குகிற நேரம் பார்த்து வாசல் கேட்டில் பையைத் தொங்கவிட்டுப் போகிறான். என்னால் செதில் உரிக்க முடியாது என்று உரித்து, முள் எடுத்து, துண்டு போட்டு, மஞ்சள் தடவியே வருகிறது. முன்பெல்லாம் பை கனக்கக் கனக்க ஐஸ் இருக்கும். இப்போது ஒரு துண்டு ஐஸ்கூட அதில் இருப்பதில்லை.

நேற்று எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பை வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "போயிருச்சு லட்சுமி, தூரப் போடு," என்றார். நான் வாங்கிக் கழுவினேன். புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரைத்து, குழம்பு வைத்து, ஒரு துண்டு விடாமல் நானே தின்றேன்.